இரு சிகர எழுத்து

மசேகித்லானா என்போம் எங்கள் மலைகளில்.
ஆட்டத்துக்கு இரண்டு கல் போதும்.
தட்டையான ஒன்று தரையில்,
கைக்கடக்கமான ஒன்று விரல்களில்.
டக், டக்.
தட்டுக்கு ஒரு வாக்கியம்.

ஐந்து வயது ம்போலோகெங், என் மகள்,
பள்ளிக் கொட்டகையின் பின்சுவரோரம்
தட்டிக்கொண்டிருந்தாள்.
"இது அம்மா. டக்.
லாரியில் ஏறுகிறாள். டக்.
மசேருவில் ஊசி ஓடுகிறது, டக் டக் டக்,
யாரோ போடப்போகும் நீலக் கால்சட்டைகள்,
ஒரு நாளைக்கு நூறு, டக், இல்லை, ஆயிரம்.
அம்மா இன்னும் வரவில்லை. டக்.
அப்பா கஞ்சியைத் தீய்த்துவிட்டார். டக்."

சுற்றியிருந்த பிள்ளைகள் மூச்சுவிடவில்லை.
கல் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது.
சிரித்தது நான்தான், போர்வைக்குள்.
கஞ்சி தீய்ந்தது உண்மை.

கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு எழுத்து அட்டை.
அதையும் ஆகஸ்டு மாதக் காற்று
பள்ளத்தாக்குக்குப் படிக்கக் கொடுத்துவிட்டது.
பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் ந்தாதிசி
மாவுப் பையைக் கிழித்து விரித்தாள்,
கரித்துண்டை எடுத்தாள்,
கல் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள்.
கஞ்சியைக்கூட விடவில்லை.

மறுநாள் அதை வாசித்தபோது
என் மகள் எழுந்து நின்றாள்.
"தப்பு. அம்மா வந்துவிட்டாள்."
"எப்போது?"
"இன்றைக்கு. ஆட்டத்தில்."
"நேற்று வரவில்லை என்றாயே."
"அது நேற்று."
"இந்தப் பையும் நேற்றுதான்.
நீ சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது."
என் மகள் பையை முறைத்தாள்.
பிடிவாதக்காரப் பை, என்றாள்.
பிறகு அதன்மேல் ஏறி மண்டியிட்டு,
"இதில் அம்மா எங்கே?"

ந்தாதிசி விரல் வைத்த இடத்தில்
இரண்டு சிகரம், நடுவே ஒரு பள்ளம்.
என் மகள் அங்கே ஒரு கல் வைத்தாள்.
அதே சிகரங்கள் இன்னோரிடத்தில்: மசேரு.
ஒரு கல்.
பையின் அடியோரத்தில், யார் கதை என்று எழுதிய இடத்தில்:
ம்போலோகெங்.
மூன்றாம் கல்லை அவள் வைக்கவில்லை,
கையிலேயே வைத்துக்கொண்டு
நெடுநேரம் உட்கார்ந்திருந்தாளாம்.

நான் வாசிக்காதவன் என்று சொல்ல முடியாது.
வலச்செவியில் ஒரு வெட்டு, இடச்செவியில் பிளவு என்றால்
என் ஆடு.
இரண்டும் வலத்தில் என்றால் கிணற்றடிக்காரன் ஆடு.
பனிமூட்டத்தில் விரலால் தடவியே வாசிப்பேன்.
ஆனால் புத்தகம்?
ஏழு வயதில் மந்தை என் கைக்கு வந்தது.
கீழே பள்ளி மணி அடிக்கும்.
ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கும், நானும் பார்ப்பேன்,
எல்லோரும் மறுபடி குனிந்துகொள்வோம்.

அன்றிரவு அடுப்படியில் கேட்டாள்:
"உங்கள் பெயரைச் சொல்லுங்கள்."
"மொலெஃபி."
"அவ்வளவு வேகமாக வேண்டாம்."
"ம்ம்மொ..."
உதடு ஒட்டிய அந்த இடத்தில்
விரலை வைத்து நிறுத்தினாள்.
"அதுதான். நீங்களும் மலையில்தான் தொடங்குகிறீர்கள்."
சாம்பலை வழித்து, பரப்பி,
இரண்டு சிகரம் கீறினாள்.
ஒன்று உயரம், ஒன்று குட்டை.
குட்டைதான் நீங்கள், என்றாள்,
கஞ்சிக்காக.

கம்பளி கத்தரிக்கும் நாளில்
பதிவேடு என் முன்னால் வந்தது.
மை டப்பாவும் கூடவே வந்தது, வழக்கம்போல.
கட்டைவிரல் தானாகவே நீண்டது.
அதை மடக்கிக்கொண்டு
குமாஸ்தாவின் பேனாவை வாங்கினேன்.
ஏறினேன், இறங்கினேன், ஏறினேன், இறங்கினேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.

"இது என்ன?"
"நான்."
"பெயர் முழுதாக வேண்டும்."
"மீதி வந்துகொண்டிருக்கிறது" என்றேன்.
எந்த லாரியில் என்று அவன் கேட்கவில்லை.
மை டப்பாவை என் பக்கம் தள்ளினான்.
சரி, கட்டைவிரலும் வைத்தேன்,
சிகரங்களுக்குப் பக்கத்தில்,
ஒரு கூழாங்கல் அளவுக்கு.

வெளியே என் ஆடுகள்
மயிரிழந்து, யாருடையவை என்று தெரியாதபடி
நடுங்கிக்கொண்டு நின்றன.
செவியைத் தடவி
ஒவ்வொன்றாக வாசித்து ஓட்டிக்கொண்டு போனேன்.